ஐஸ் வான், ஒன்று

கணக்குக் கொப்பியில் இப்படித்தான் இருக்கிறது:
ஓகஸ்ற் பதினேழு, குருநகர், இறங்குதுறைப் பக்கம்.
பொக்ஸ் இரண்டு, மைக் மூன்று, பாட்டுக்காரி ஒருத்தி.
வரவேண்டிய மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு.

பெயர் கொன்செற்றா.
தகப்பன் அமலதாஸ், இந்தக் கரைப் பிள்ளை.
தாய் நாப்போலிக்காரி.
மீன்சந்தையில் ஒரே தொட்டிக்குள்
கணவாய் கழுவப்போய்க் கை முட்டினதாம்.
வயர் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம்
அவளே சொன்னாள், சிரித்து.
அவளுடையது எண்பத்தாறில் கப்பல் ஏறின தமிழ்.
சவள், தாமான், சோளகம் எல்லாம் வாயில் நிற்கும்;
ஃபோனுக்குச் சார்ஜ் போடவேணும் என்பதை மட்டும்
கையால் காட்டினாள்.

"எக்கோவைக் குறையுங்கோ அண்ணை."
"குறைச்சால் குரல் வெறும்மேலோடை நிற்கும்."
"நிற்கட்டும்."
இருபது வருடம் மாதாவுக்கும் முருகனுக்கும்
ஒரே அளவில் எக்கோ போட்ட கை இது.
பூச்சியத்துக்குத் திருப்பினேன்.
எனக்கே கூச்சமாய் இருந்தது.

கொண்டுவந்த தோற்கருவி உப்புக்காற்றில் தொய்ந்துவிட்டது.
நெருப்புக் கேட்டாள்.
யாரோ ஒரு பொடியன் ஓலை கொளுத்தினான்.
தோலைச் சூடு காட்டித் தட்ட
"அட, எங்கடை பறைதானே" என்றது ஒரு குரல்.
அந்தச் சொல்லுக்கு
முன்வரிசையில் ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது.
அவளுக்கு அது விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது. மைக்கைத் தோலுக்குக் கிட்டவாய் வைத்தேன்.

சொல்லின் வாலைக் கடித்து விழுங்குகிற பாஷை அது.
நாங்களோ வாலை நீட்டி ஆட்டிப் பேசுகிற ஆட்கள்.
"ஓ மாரெ" என்று அவள் எடுக்க
"ஓகஸ்ற்றிலை மாரியாம்" என்று பின்னால் சிரிப்பு.
கடல் என்று அர்த்தமாம், பிறகு சொன்னாள்.
ஆனால் அடுத்த முறை வந்த இடத்தில்
வாலை விழுங்காமல் "மாரி" என்றே பாடினாள்.
வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

இரண்டாவது பாட்டில் நடுவில் ஏலேலோ வந்தது,
கால் தாளம் நாப்போலியில், குரல் வலையில்.
எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்த றொபின்சன் எழும்பி
"அந்த இடத்திலை இழுத்தால் வலை வராது" என்றான்.
"நான் இழுக்கிறது வலை இல்லை அண்ணை,"
மன்டலினைச் சுருதி பார்த்தபடி சொன்னாள்.
அவன் இருக்கவுமில்லை, போகவுமில்லை.
கையில் சாவியோடு கடைசிவரைக்கும் நின்றான்.

"என்ன கலப்படம் இது?" என்று கேட்டவரும் உண்டு.
கேட்டது
போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல்லில் இருந்துகொண்டு:
கதிரையில்.

மூன்றாவது பாட்டுக்கு ஐஸ் வான் வந்தது.
உங்களுக்குத் தெரியும் அந்த மெட்டு,
பற்றரி இறங்க இறங்க அழுகிற மெட்டு.
சின்னனுகள் பாதிப்பேர் எழும்பி ஓடினார்கள்.
நான் பல்லைக் கடித்தேன்.
அவள் பாட்டை நிறுத்தித் தலையைச் சரித்தாள்,
மன்டலினில் அந்த மெட்டைத் தேடிப் பிடித்து
அதன்மேல் தாயின் ஊர்ப் பாட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.
வான்காரன் ஒழுங்கைக்குள் திரும்பாமல் நின்றுவிட்டான்.
ஓடின சின்னனுகள் நக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்,
முழங்கைவரை சிவப்பு வழிய.

இரவு வீட்டில் றெக்கோடிங்கைப் போட்டு
வானை வெட்டி எடுத்தேன்.
ஒன்றரை மணித்தியாலம், இருமல் மூன்றையும் சேர்த்து.
சுத்தமாய் அனுப்பினேன்.
விடியப் பதில் வந்தது, குரலில்:
"அண்ணை, ஐஸ் எங்கை?"

திருப்பிச் சேர்த்தேன். இருமலையும்தான்.

காசு இன்னும் வரவில்லை.
எக்கோ போடாததற்குக் கொப்பியில் நிரல் கிடையாது.
பொக்ஸ் இரண்டு, மைக் மூன்று என்றதற்குக் கீழே
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
ஐஸ் வான், ஒன்று.